கேதாரத்து மலையேரி



மலைநாட்டிலே வாழ்பவர்களுக்கு மலை புதுமையன்று. நான் வாழும் அலுவிகாரை, மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் கண்டி வீதியை ஒட்டி அமைந்த ஊர். இங்கிருந்து கிழக்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர், மூடிய கைவிரல்களின் முட்டிகளைப் போல, வானத்தை முட்டி நிற்கும். அம்மலைகளில் முகில் உண்டு, மூடுபனி உண்டு, மார்கழியிலே நடுக்கும் குளிரும் உண்டு. ஆயினும் உறைபனி மலையாகக் குவிந்து, பனிக்கட்டியாறாக நகர்ந்து, அதன் அடியிலே ஏரியாகத் தேங்குகின்ற காட்சி நம் நாட்டில் எங்கும் இல்லை. நமது மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரமே 2,524 மீற்றர்தான். பனியேரியைக் காண விரும்புபவர் இமயத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

இமயத்தில் இத்தகைய ஏரிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன். சோராபாரி என்பது அதன் பெயர். கேதாரநாதத்துக்கு மேலே, சோராபாரிப் பனிக்கட்டியாற்றின் ஓரத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,900 மீற்றர் உயரத்தில் அது இருந்தது. 1948ஆம் ஆண்டில் மகாத்மா காந்தியடிகளின் அஸ்தியின் ஒரு பகுதி அந்நீரிலே கரைக்கப்பட்டது. அன்றுமுதல் காந்தி சரோவர் என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. 'இருந்தது' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதனைப் பின்னர் கூறுவேன்.

கேதாரம் தமிழருக்கு அந்நியமான இடமன்று. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதாரத்தைப் பாடியிருக்கின்றனர். அவர்கள் அங்கு நேரிற் செல்லவில்லை. திருக்காளத்தியில் நின்று, வடதிசை நோக்கி மனத்தாற் கண்டு பாடினர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. திருநாவுக்கரசரின் கதையோ வேறு. கயிலையைக் கண்டே தீர்வேன் என்று புறப்பட்ட அம்முதியவர் கால் தேய நடந்தார், பின்பு கையால் ஊன்றிச் சென்றார், மார்பினால் தவழ்ந்தார், புரண்டும் சென்றார். ஈற்றில் வழியிலிருந்த ஒரு பொய்கையில் மூழ்கும்படி கட்டளை பிறந்தது. மூழ்கியவர் எழுந்தபோது திருவையாற்றுத் திருக்குளத்தில் இருந்தார் என்று சேக்கிழார் கூறுகின்றார். வடக்கே பனிமலைப் பொய்கையும் தெற்கே காவிரிக் கரைக் குளமும் ஒரே நீராகி நின்ற இந்தக் கதையை, மலையேரியை நினைக்குந்தோறும் நான் நினைப்பதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்தில், நானும் என் மைத்துனரும் கேதார யாத்திரை சென்றோம். ஐப்பசியைத் தேர்ந்தது வேண்டுமென்றே. அக்கோயில் சித்திரை வைகாசியளவில் திறந்து, தீபாவளியை அடுத்து மூடப்படும். ஆனி முதல் ஆவணி வரை மழை ஓயாது. மழை வடிந்து, குளிர் முற்றாத அந்தச் சில வாரங்களே நடப்பவருக்கு ஏற்றவை.

ரிஷிகேசத்திலிருந்து பேருந்து கங்கைக் கரையாக ஏறுகிறது. தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையென்னும் பெயரைப் பெறுகின்றன. அதற்கும் மேலே, ருத்திரப்பிரயாகையில் மந்தாகினி வந்து அலகநந்தாவிற் கலக்கிறது. அந்த மந்தாகினியின் கரையைப் பிடித்துக்கொண்டு சென்றால் கௌரிகுண்டம். அதன் உயரம் ஏறக்குறைய 1,980 மீற்றர். நமது நுவரெலியாவை விடச் சற்றே உயரம். அவ்விடத்திலிருந்து கால்நடை தொடங்குகிறது. முற்காலத்துப் பாதை 14 கிலோமீற்றர். இப்பொழுதுள்ள பாதை நடுவழியில் மறுகரைக்குத் தாவிச் செல்வதால் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். குதிரையிலும் டோலியிலும் செல்வோர் உண்டு. ஹெலிகொப்டரில் பறந்து செல்வோரும் உண்டு. நாங்கள் நடந்தோம்.

நடப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒவ்வொரு நூறு மீற்றர் உயரத்துக்கும் மலை தன் உடையை மாற்றுவதைக் கண்ணாற் காணலாம். முதலில் ஓக் மரக்காடு. அடுத்து றொடோடென்றன் மரங்கள்; வசந்த காலத்திற் செந்நிறப் பூக்களைச் சொரிபவை. நம் ஹோட்டன் சமவெளியில் நிற்கும் செம்பூ மரம் இதன் உடன்பிறப்பே என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். ஒரே இனம், இலங்கையில் அதன் ஒரு கிளை. இடையே இரண்டாயிரம் கிலோமீற்றர் சமவெளியும் ஒரு கடலும் கிடக்க, இங்கொன்றும் அங்கொன்றுமாக மலையுச்சிகளைப் பற்றிக்கொண்டு அவை வாழ்கின்றன. இன்னும் மேலே சென்றால், முற்காலத்தில் ஏடாகப் பயன்பட்ட பூர்ஜ மரங்கள். அவற்றுக்கும் மேலே மரமே இல்லை. புல்லும் பாறையும் வானமுமே எஞ்சுகின்றன.

நடுவழியிலே ராம்பாரா என்றோர் இடம். அங்கே ஒரு காலத்தில் கடைகளும் சத்திரங்களும் நிறைந்திருந்தன. இன்று அங்கே ஆற்றங்கரைக் கற்களைத் தவிர ஒன்றுமில்லை. எங்களோடு சுமை தூக்கி வந்த இளைஞர் அவ்விடத்தில் ஒரு கணம் நின்று, கைகூப்பிவிட்டு நடந்தார். நாங்களும் ஒன்றும் பேசாமல் நடந்தோம்.

கேதாரநாதம் 3,583 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே ஓரிரவு தங்கினோம். தங்குவது ஓய்வுக்காக மட்டுமன்று. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஏரி இருந்த உயரத்தில் அது கடல்மட்டத்து அழுத்தத்தில் ஐந்தில் மூன்று பங்களவே. ஒரு மூச்சுக்கு நெஞ்சுக்குள் செல்லும் உயிர்வளியும் அந்த அளவிற்கே குறைகிறது. அங்கே நீர் 100 பாகையிலன்றி ஏறத்தாழ 87 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆதலால் பானையில் அரிசி நெடுநேரம் வெந்தும் விதை விதையாகவே நிற்கும். உடம்பு இந்த மாற்றத்துக்குப் பழக அவகாசம் வேண்டும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை தோன்றினால் மேலே ஏறாது நிற்க வேண்டும். அவை மிகுந்தால் கீழே இறங்க வேண்டும். இளைஞரென்றும் முதியவரென்றும் மலை பார்ப்பதில்லை.

மறுநாள் விடியலில் மந்தாகினியின் பாலத்தைக் கடந்து ஏறத் தொடங்கினோம். வழி ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். ஆயினும் இருபது அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. எதிரே கேதாரச் சிகரம், 6,940 மீற்றர், காலைக் கதிர் பட்டுப் பொன்னாகிப் பின்பு வெள்ளியாயிற்று. அதன் மடியிலிருந்து இறங்கி வருவதே சோராபாரிப் பனிக்கட்டியாறு. அதன் நீளம் ஏறத்தாழ ஏழு கிலோமீற்றர். பனிக்கட்டியாறென்றதும் பளிங்கு போன்ற வெண்மையை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். அதன் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் போர்த்த கருமேடாகவே தோன்றும். கீழே இறங்கும் நீரோ, அரைபட்ட பாறையின் மாவைச் சுமந்து பால்நிறமாகப் பாய்கிறது. அங்குள்ள ஓர் ஓடைக்குத் தூத கங்கை, அதாவது பாற்கங்கை, என்றே பெயர்.

பனிக்கட்டியாறு உறைந்த பனியாயினும் அசைவற்றதன்று. தன் பாரத்தினாலே மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நகரும்போது மலையின் பக்கங்களை உராய்ந்து, பாறைகளைப் பெயர்த்து, உழவன் உழுத சாலின் இருபுறமும் மண் வரம்பாவது போலத் தன் இருமருங்கிலும் கற்குவியலை வரம்பாக உயர்த்திவிடும். வெப்பம் மிகுந்து பனிக்கட்டி சுருங்கினாலும் அந்த வரம்பு அப்படியே நிற்கும். வரம்புக்கும் மலைச்சரிவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மழைநீரும் பனி உருகிய நீரும் தேங்கினால் அதுவே ஏரி. சோராபாரி ஏரி அத்தகையது. ஏறத்தாழ 400 மீற்றர் நீளமும் 200 மீற்றர் அகலமும் உடையது. அதனைத் தடுத்து நின்ற அணையை மனிதர் கட்டவில்லை. சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. வெறும் கல்லும் மணலும் மண்ணுமே. நீர் வழிந்தோட ஒரு கலிங்கும் அதற்கு இல்லை. அடியிலுள்ள இடுக்குகள் வழியாகக் கசிவதே அதன் வடிகால்.

நம் முன்னோர் குளங்கட்டியவர்கள். கலிங்கு இல்லாத குளம் எந்நாளும் ஆபத்தானது என்பது வன்னியிலும் நுவரகலாவியிலும் வேளாண்மை செய்கின்ற எவருக்கும் தெரியும். இயற்கை கட்டிய அந்தக் குளத்துக்கோ கலிங்கு வைப்பார் இல்லை.

நாங்கள் வரம்பின் மேலேறி நின்று கீழே நோக்கினோம். ஏரி இல்லை. பரந்த ஒரு பள்ளம். அதன் அடியிலே வண்டல். வரம்பிலே, பெரிய கோடரியால் வெட்டியது போல, ஒரு திறப்பு. வழிகாட்டிய இளைஞர் அத்திறப்பைக் காட்டி, "ஐயா, இவ்வழியாகத்தான் போயிற்று" என்றார். என் மைத்துனருக்குச் சிறிது இந்தி தெரியும். அவரே மொழிபெயர்த்துச் சொன்னார். வேறொன்றும் அந்த இளைஞர் கூறவில்லை.

நடந்தது இது. 2013ஆம் ஆண்டு ஆனி மாதத் தொடக்கம். யாத்திரை உச்சத்தில் இருந்த காலம். பருவமழை வழக்கமான நாளுக்கு முன்னரே இமயத்தை வந்தடைந்தது. மலைமேல் பனி இன்னும் மிகுதியாகக் கிடந்தது. அதன்மேல் மழை பெய்தது. தேராதூனிலுள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தினர் அப்பனிக்கட்டியாற்றை ஆராய அங்கே ஒரு முகாம் வைத்திருந்தனர். ஜூன் 15ஆந் திகதி மாலை 5 மணி முதல் 16ஆந் திகதி மாலை 5 மணி வரையான 24 மணிநேரத்தில் அவர்களுடைய மழைமானி காட்டிய அளவு 325 மில்லிமீற்றர். 16ஆந் திகதி மாலையில் ஓடைகள் பெருகி நகரின் மேற்பகுதியை அடித்துச் சென்றன. ஆதிசங்கரரின் சமாதியும் அதில் அழிந்தது. எஞ்சியோர் அந்த இரவை எவ்வாறு கழித்தனரோ! மறுநாள் 17ஆந் திகதி காலை, ஏறத்தாழ 6.45 மணிக்கு, நிரம்பி நின்ற ஏரியின் வரம்பு உடைந்தது. ஐந்து பத்து நிமிடங்களில் ஏரி முழுவதும் வெறுமையாயிற்று.

மாணவர்க்குச் சொல்வது போல ஒரு கணக்குச் சொல்கிறேன். அவ்வேரியில் இருந்த நீர் ஏறத்தாழ நான்கு இலட்சத்து முப்பதினாயிரம் கன மீற்றர் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். அதன் நிறை நான்கு இலட்சத்து முப்பதினாயிரம் மெற்றிக் தொன். பத்து நிமிடங்களில், அதாவது 600 நொடிகளில், அது வெளியேறியது என்று கொண்டால் நொடியொன்றுக்கு 700 தொன்னுக்கும் மேல். தனி நீராயினும் தாங்க முடியாது. வந்ததோ மணலும் மரமும் வீட்டளவு பாறைகளும் கலந்த குழம்பு. அப்பாறைகளுள் ஒன்று கோயிலின் பின்புறத்தில் வந்து நின்றுவிட, வெள்ளம் இரு கூறாகப் பிரிந்து ஓடியது, கோயில் தப்பியது. அப்பாறையை வீமசிலை என்று இன்று வணங்குகின்றனர். கோயிலைச் சூழ்ந்த கட்டடங்கள் தப்பவில்லை. ராம்பாரா துடைத்தெடுக்கப்பட்டது. உத்தரகண்ட மாநிலம் முழுவதிலும் அந்நாட்களில் ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டனர். பலருடைய உடல்களும் கிடைக்கவில்லை. யாத்திரைக் காலத்தில் பிழைப்புக்காக மேலே சென்றிருந்த பள்ளத்தாக்கு ஊர்களின் ஆடவர் பலர் திரும்பி வரவேயில்லை.

தெய்வ சந்நிதியில் இவ்வாறு நேரலாமா என்று வினவுவோர் உளர். அவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் வேறொரு வினாவை நாம் கேட்க வேண்டும். அதற்கு விடை உண்டு. அந்த ஊர் எதன்மேல் நிற்கிறது? மந்தாகினிக்கும் சரசுவதி என்னும் ஓடைக்கும் இடையில், பனிக்கட்டியாறு பண்டைக்காலத்தில் கொண்டுவந்து பரப்பிய கல்மண் தரைமேல் நிற்கிறது. பழங்காலத்தில் அங்கே கோயிலும் சில குடில்களுமே இருந்தன. பின்னர் யாத்திரிகர் பெருகினர், விடுதிகள் பெருகின, நீர் வற்றிக் கிடந்த பழைய தடங்களிலும் சுவர்கள் எழுந்தன. நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. அறுபது ஆண்டு கழித்து வந்தாலும், அந்த வழியாகவே வரும். மறப்பவர் மனிதரே.

சோராபாரி மட்டுமன்று. 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி இரவு, சிக்கிம் மாநிலத்தின் தென் லோனாக் ஏரியில் கரைமேடு சரிந்து விழ, ஏரி உடைத்துக்கொண்டு தீஸ்தா ஆற்றில் பாய்ந்தது. சுங்தாங்கில் கட்டியிருந்த பெரிய மின்வலு அணையை அது தகர்த்தது. உலகம் வெப்பமடைய, இமயத்துப் பனிக்கட்டியாறுகள் பின்வாங்குகின்றன. சோராபாரிப் பனிக்கட்டியாற்றின் முகமே 1962 முதல் 2012 வரையான ஐம்பது ஆண்டுகளில் 340 மீற்றருக்கு மேல் பின்வாங்கியதென்று அளந்திருக்கின்றனர். பனி பின்வாங்கிய பள்ளங்களில் புதிய ஏரிகள் பிறக்கின்றன, பழையவை பெருக்கின்றன. அழகிய நீலப் பரப்பென்று நாம் படத்திற் கண்டு மகிழும் ஏரிகள் பல, பலமற்ற வரம்புகளுக்குப் பின்னே நின்று காத்திருக்கின்றன.

நமது நாட்டிற் பனி இல்லை. ஆதலால் இக்கவலை நமக்கில்லை என்று எண்ணிவிடலாகாது. பனியேரி இல்லை, ஆயினும் செங்குத்தான சரிவுண்டு, பெருமழையுண்டு, சரிவின் அடியிலே வாழும் ஏழைகள் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து, நம் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. அவ்விடம் குடியிருக்கத் தக்கதன்று என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயனிலேயே இருந்தனர். மாற்று வீடும் காணியும் தராமல் 'எழுந்து போ' என்று சொன்னால் கூலித் தொழிலாளி எங்கே போவான்? கேதாரத்து யாத்திரிகர் சில நாள் விருந்தினர். நம் தோட்டத்து மக்களோ தலைமுறை தலைமுறையாக அச்சரிவிலேயே பிறந்து வாழ்பவர்கள். ஆகவே இங்கே எச்சரிக்கையோடு இடமும் தரவேண்டியது நாட்டின் கடன்.

அந்நிறுவனம் வகுத்திருக்கும் எளிய அளவு ஒன்றுண்டு. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரானால் வெளியேறிவிட வேண்டும். கேதாரத்தில் பெய்த 325 மில்லிமீற்றரோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மழைமானி என்பது பெரிய கருவியன்று. நேர்ச்சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அடிக்கோலும் இருந்தால் மழையை அளக்கலாம். மலைநாட்டுப் பாடசாலை ஒவ்வொன்றின் முற்றத்திலும் ஒரு மழைமானி இருக்கவேண்டும். காலைதோறும் ஒரு மாணவன் அதனைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதவேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் பாடசாலையில் இதனைச் செய்து வருகின்றோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இன்று எத்தனை மில்லிமீற்றர் என்று வீட்டிற் போய்ச் சொல்கிறது. தகப்பன் கேளாவிடினும் தாய் கேட்கிறாள்.

எழுதுவது என்று சொல்லும்போது எங்கள் ஊரின் பெருமையை நினையாமல் இருக்க முடியவில்லை. கிறித்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பஞ்சமும் போரும் நாட்டை வாட்டின. அதுவரை திரிபிடகம் பிக்குகளின் நினைவிலே மட்டுமே வாழ்ந்து வந்தது. நினைவுடையோர் மாண்டால் நூலும் மாளுமே என்று அஞ்சி, அலுவிகாரைக் குகைகளில் கூடி, அதனை ஓலையில் எழுதினர் என்பது மரபு. அவர்கள் சமயத்தைச் சேர்ந்தவனல்லாத நானும், அக்குகைகளைக் கடந்து செல்லும்போதெல்லாம் அந்தச் செய்கையை வணங்குகிறேன். நினைவு மட்டும் போதாது என்று உணர்ந்த அறிவு அது. வெள்ளத்துக்கும் சரிவுக்கும் இதுவே பொருந்தும். முதியவர் ஒருவர், 'இவ்வோடை ஒரு காலத்தில் இவ்வளவு தூரம் வந்தது' என்று சொல்லக் கேட்டால், அதனை எழுதி வையுங்கள். வெள்ளம் எட்டிய இடத்திற் சுவரிலே ஒரு கோடு இட்டு, ஆண்டையும் குறித்து வையுங்கள். அம்முதியவர் மறைந்த பின்னும் அக்கோடு பேசும்.

மலையேரிக்கு நடக்க விரும்பும் இளைஞருக்கு ஒரு வார்த்தை. போய் வாருங்கள், மலையைக் காணாத வாழ்வு ஒரு குறைதான். முதலில் நம் நக்கிள்ஸ் மலையிலே நடந்து காலைப் பழக்குங்கள். தனியே செல்லாதீர்கள், ஊரவர் ஒருவரைத் துணை கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிற் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மழை வரும் நாளில் ஓடையோரத்தில் கூடாரம் அடிக்காதீர்கள். நண்பகலுக்குள் ஏறி, வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். மலை இடிந்து இறந்தவர்கள் நடந்த பாதையில் நடக்கும்போது ஆரவாரம் வேண்டாம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

கேதாரநாதக் கோயிலில் 2013 செப்டெம்பர் 11ஆந் திகதி மீண்டும் பூசை தொடங்கிற்று. அடுத்த ஆண்டே பாதை திருத்தப்பட்டு யாத்திரையும் தொடர்ந்தது. இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கின்றனர். மக்களின் பக்தியை வெள்ளம் அடித்துச் செல்லவில்லை. அந்தப் பக்தியோடு அறிவும் கைகோத்து நடக்குமாயின், மேலேயிருக்கும் நீர் கீழேயிருக்கும் உயிர்களுக்குப் பகையாகாது. சோராபாரிப் பள்ளம் வெறுமையாகக் கிடந்து நமக்குச் சொல்வது அதுவே.